டிசம்பரில் பிறந்தவன்

சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் எங்களுடையதாக இருப்பதில்லை. முந்தைய இரவே பேருந்துகளும் வேன்களும் வந்து சேர்ந்துவிடும். பொழுது புலர்வதற்குள் நள தீர்த்தத்தின் கரையெங்கும் நல்லெண்ணெய் வாசனை ஏறியிருக்கும். தலைக்கு எண்ணெய் வைத்து முழுகி எழுந்தவர்கள் உடுத்தியிருந்த துணியைப் படியிலேயே விட்டுவிட்டு, மாற்றுத் துணியோடு சனீசுவரனைப் பார்க்கப் போவார்கள். துணியோடு தோஷமும் கழிந்தது என்பது நம்பிக்கை. திருநள்ளாற்றுக்காரர்களாகிய நாங்கள் இந்தக் கூட்டத்தில் சேர்வது அபூர்வம். வெளியூர் உறவினர் வந்தால் வழிகாட்டப் போவோம், அவ்வளவுதான்.

2022 ஜூலையில் ஒரு சனிக்கிழமை நாங்களும் போக வேண்டியதாயிற்று. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகனை முழுக்காட்டுவதற்காக அம்மா எங்களை விடியற்காலை நான்கு மணிக்கே எழுப்பிவிட்டார். அவனுக்கு அப்போது பதினைந்து நிறையவில்லை. அவன் அங்கிருந்து கொண்டுவந்திருந்த நீலநிறப் பயிற்சிச் சட்டையை உடுத்திக்கொண்டுதான் முழுக வேண்டும், அதைத்தான் கரையில் விட வேண்டும் என்று அம்மா முந்தைய நாளே சொல்லிவைத்திருந்தார். அந்தச் சட்டையைக் கொடுத்த கால்பந்துக் குழு மே மாதத்தில் அவனை வேண்டாமென்று சொல்லிவிட்டிருந்தது.

*

அவன் எப்படிப் பிரெஞ்சுக்காரனானான் என்பதைச் சொல்ல வேண்டும். காரைக்கால் பகுதிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காமல் போகலாம்.

1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு அரசு இப்பகுதிகளின் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தது. ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தானாலும் சட்டப்படி நிறைவேறியது 1962 ஆகஸ்டில்தான். அப்போது இங்கே பிறந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுக்காதவர் இந்தியர். அத்தானின் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர். இந்தோசீனா வரை போய் வந்தவர். அவர் எழுதிக் கொடுத்தார். எங்கள் தாத்தா இரண்டு மா நிலத்தை நம்பியிருந்தவர். அப்படி ஒரு அவகாசம் இருந்ததே அவருக்கு உறைத்திருக்காது. ஒரே தெருவில் எதிரெதிராக இருந்த இரண்டு வீடுகள் ஒரு தாளினால் இரண்டு தேசங்களாயின. பிரெஞ்சு பேப்பர் உள்ள மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பதை இப்பகுதியில் எப்படிக் கருதுவார்கள் என்பதை விரிக்க வேண்டியதில்லை. அக்காள் பாரிசுக்கு வடக்கேயுள்ள சார்செல் நகருக்குக் குடிபோனார். அங்கே 2007 டிசம்பர் நடுவில் இவன் பிறந்தான்.

பிரான்சில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதன்கிழமை மதியம் வகுப்பு கிடையாது. உள்ளூர்க் கால்பந்துக் குழுக்களின் சிறுவர் பயிற்சி அந்த மதியத்தில்தான் நடக்கும். அக்காள் ஆறு வயதில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது விளையாட்டு ஆசையால் அல்ல. புதன் மதியம் அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால். ஆனால் அந்த வட்டாரமே வேறு மாதிரியானது. பாரிசைச் சுற்றியுள்ள நகர்கள் உலகக் கால்பந்துக்கு ஆட்டக்காரர்களைத் தந்துகொண்டே இருப்பவை. எம்பாப்பே வளர்ந்த போந்தி அங்கிருந்து தொலைவில் இல்லை. அல்ஜீரிய அணியின் ரியாத் மாரெஸ் பிறந்ததும் ஆடத் தொடங்கியதும் அதே சார்செலில்தான். பதினோரு வயதுப் பையன்களின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக்கூடத் தொழில்முறைக் குழுக்களின் ஆட்கள் வந்து கோட்டோரம் நின்று குறிப்பெடுப்பார்கள். இதைக் கேட்டபோது, பயிர் நிற்கும்போதே வயலுக்கு வரும் நெல் வியாபாரிகள்தாம் எங்களுக்கு நினைவுக்கு வந்தார்கள்.

பதின்மூன்று வயதுக்கு மேல் ஏணி ஏறத் தொடங்குகிறது. 1988இல் கிளேர்ஃபோந்தேனில் தொடங்கப்பட்ட தேசியப் பயிற்சிக்கூடம் இதற்கு முன்மாதிரி. பையன்கள் வாரநாள்களில் அங்கேயே தங்கி, பக்கத்துப் பள்ளியில் படித்து, மாலையில் பயிற்சி பெறுவார்கள்; வார இறுதியில் தத்தம் குழுவுக்கு ஆடப் போவார்கள். தொழில்முறைக் குழுக்களும் இதே வயதுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. அக்காள் மகனை அப்படி ஒரு குழு எடுத்துக்கொண்டது. பெயர் இங்கே வேண்டாம். அவன் இரண்டு ஆண்டுகள் இருந்தான். பதினைந்து வயதுக்குட்பட்டோர் பருவம் முடிந்ததும் யாரை மேலே அனுப்புவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பார்கள். இவனுக்கு வந்த கடிதம் நான்கே வரி. நேரில் பேசியபோது ஒருவர் கூடுதலாக ஒன்று சொன்னாராம்: ஆட்டம் இருக்கிறது, உடல் இல்லை.

ஜூலை முதல் நாளோடு பள்ளித் தேர்வு முடிந்தது. அடுத்த வாரம் அக்காள் அவனை எங்களிடம் அனுப்பிவைத்தார்.

*

ஆறுதல் சொல்வது எங்கள் குடும்பத்தின் பலவீனம். அதிலும் நாங்கள் வாசிக்கிறவர்கள். கைவசம் உதாரணங்கள் வைத்திருப்பவர்கள். வந்த மூன்றாம் நாளே திண்ணையில் உட்காரவைத்து ஆரம்பித்துவிட்டோம்.

முதலில் விகாஷ் தொராசூ. 1973இல் லெ ஆவ்ர் துறைமுக நகரை ஒட்டிய ஆர்ஃப்ளரில் பிறந்தவர். முன்னோர் ஆந்திரத்திலிருந்து மொரீஷியசுக்குப் போன தெலுங்கர்கள். லெ ஆவ்ர் குழுவின் சிறுவர் பிரிவில் வளர்ந்து லியோன், மிலான், பாரிஸ் அணிகளுக்கு ஆடினார். 2006 ஏப்ரலில் பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்தில் மர்செய் அணிக்கு எதிராகத் தொலைவிலிருந்து அவர் அடித்த பந்து பாரிசுக்குக் கோப்பையை வாங்கித் தந்தது. அதே ஆண்டு உலகக்கோப்பைக்கும் போனார். உலகக்கோப்பை ஆட்டத்தில் கால் பதித்த முதல் இந்திய வம்சாவளியினர் அவரே.

பிறகு, எங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு கதை. 19ஆம் நூற்றாண்டில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின் பிரெஞ்சுக் கரும்புத் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய துறைகளில் காரைக்காலும் ஒன்று. ரெயூனியன் தீவில் இறங்கியவர்களின் தனிப்பெயர்களே பதிவேட்டில் குடும்பப் பெயர்களாயின. அந்தத் தீவின் சேன்பியேரில் 1984இல் பிறந்தவர் ஃப்ளோரன் சினாமா பொங்கோல். அந்தப் பெயரை முதன்முதலில் தொலைக்காட்சியில் கேட்டபோது எங்கள் காதில் சின்னம்மாவும் பொங்கலும் விழுந்தன. அன்று முதல் அவர் எங்கள் ஆள். சிறுவனாகவே ஒன்பதாயிரம் கிலோமீட்டர் கடந்து லெ ஆவ்ரில் சேர்ந்தார். 2001இல் டிரினிடாடில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையை பிரான்ஸ் வென்றபோது ஒன்பது கோல் அடித்து, சிறந்த ஆட்டக்காரருக்கான பரிசையும் பெற்றவர் அவர். லிவர்பூல் அவரை அப்போதே பிடித்துவைத்துக்கொண்டது.

மூன்றாவது திமித்ரி பாயே. அதே சேன்பியேர், அதே லெ ஆவ்ர். ஆனால் 2003இல் பதினாறு வயதில் குழு அவரை விடுவித்தது. அவர் தீவுக்கே திரும்பினார். அங்கே உள்ளூர்க் குழுவில் ஆடிக்கொண்டிருந்தவரை நான்த் அணி கண்டெடுத்தது. 2016 ஜூன் 10 அன்று ஐரோப்பியக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில், 89ஆவது நிமிடத்தில், இடது காலால் ருமேனியாவுக்கு எதிராக அவர் அடித்த கோலை இவனே எட்டு வயதில் பார்த்திருக்கிறான். அந்த மைதானம் இவன் வீட்டுக்குத் தெற்கே சில கிலோமீட்டர்தான்.

கதையை முடித்துவிட்டு, அடுத்த பாயே நீதான் என்பதுபோல அவன் முகத்தைப் பார்த்தோம். அவன் கொஞ்ச நேரம் கொல்லைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

“மாமா, திரும்பி வந்தவங்க பேருதான் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போயி அப்படியே நின்னுட்டவங்க பேரு ஒண்ணு சொல்லுங்க.”

எங்களிடம் பதில் இல்லை. அவனோடு தங்கியிருந்த பையன்களில் பாதிப்பேருக்குமேல் அதே மாதத்தில் அதே நான்கு வரிக் கடிதம் வந்திருந்தது. அவர்கள் பெயர்களை அவன் வரிசையாகச் சொன்னான். மாலி, மொரோக்கோ, போர்த்துக்கல், கோமோரோஸ் என்று பல நாட்டுப் பெயர்கள். எங்களால் ஒன்றையும் நினைவில் வைக்க முடியவில்லை.

வென்றவர்கள் கதையையும் நாங்கள் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. அவனுக்கு அதுவும் தெரிந்திருந்தது. பதினாறு வயதில் உலகிலேயே சிறந்தவனாக மகுடம் சூட்டப்பட்ட சினாமா பொங்கோல், பிரான்சின் முதன்மை அணிக்கு ஆடியது ஒரே ஓர் ஆட்டம். 2008 அக்டோபரில் துனிசியாவுக்கு எதிராக. தொராசூ 2006 உலகக்கோப்பையில் இரண்டு ஆட்டங்களின் கடைசி நிமிடங்களில் மாற்று ஆட்டக்காரராக இறங்கியதோடு சரி. மீதி நாள்களில் சிறிய சூப்பர் 8 கேமராவை வைத்துக்கொண்டு தன் காத்திருப்பைத் தானே படம்பிடித்தார். ஃப்ரெத் பூலேயோடு சேர்ந்து அவர் எடுத்த அந்தப் படத்துக்கு மாற்று ஆட்டக்காரர் என்றே பெயர். உலகக்கோப்பைக்குப் போனவரே விடுதி அறையில் உட்கார்ந்து தன்னை யாரும் கூப்பிடவில்லையே என்று நினைத்திருக்கிறார். நாங்கள் அவருடைய பெயரின் ஊரை மட்டும் தேடிக்கொண்டிருந்தோம்.

*

அம்மாவுக்கு இந்த விவகாரங்கள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர் ஜாதகத்தை எடுத்துவைத்துக்கொண்டார். கும்ப ராசி, சதய நட்சத்திரம். எங்கள் கோயில் கணக்குப்படி 2020 டிசம்பர் 27 அன்று சனி மகரத்துக்கு வந்தாயிற்று. ஆகவே பையனுக்கு ஏழரையின் முதல் கூறு, விரயச் சனி. உழைத்தது வீணாகும் காலம். “பிறந்த நேரம் அப்படி. புள்ள என்ன பண்ணுவான்?” என்றார்.

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தோம். சிரிக்கவில்லை. “அம்மாச்சி சொல்றது சரிதான் மாமா. நேரம் இல்ல, மாசம்” என்றான். பிறகு விளக்கினான்.

பிரான்சில் வயதுப் பிரிவுகள் ஆங்கில ஆண்டுக் கணக்கில் ஓடுகின்றன. 2007 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே பிரிவு. ஆகவே ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்தவன். நாற்பது வயதில் இது ஒன்றுமில்லை. பதின்மூன்றில் ஓராண்டு என்பது கால் சாண் உயரம், கூடுதல் எடை, உடைந்த குரல். தேர்வாளர் பார்ப்பது ஒரே மைதானத்தில் நிற்கும் இருபத்திரண்டு பேரை. பிறப்புச் சான்றிதழ்களை அல்ல. வேகமாக ஓடுகிறவனைத் திறமைசாலி என்று எழுதிக்கொள்கிறார். எடுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்சி கிடைக்கிறது. அதனால் அவன் உண்மையாகவே திறமைசாலி ஆகிவிடுகிறான். 1980களில் கனடாவின் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களிடம் கவனிக்கப்பட்ட இந்தச் சாய்வு, பிறகு பல நாடுகளின் கால்பந்துப் பயிற்சிக்கூடங்களிலும் காணப்பட்டது. ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அங்கே நிறைந்திருப்பார்கள்; கடைசி மூன்று மாதத்தவர்கள் அருகியிருப்பார்கள். தன் கூடத்தில் டிசம்பரில் பிறந்தவன் தான் ஒருவனே என்றான். பயிற்சியாளர் ஒருவரே இதையெல்லாம் அவனுக்குச் சொல்லியிருக்கிறார், கடிதம் வந்த பிறகு.

நாங்கள் விடவில்லை. எம்பாப்பே பிறந்தது 1998 டிசம்பர் 20 அல்லவா என்றோம். தொராசூவும் சினாமா பொங்கோலும்கூட அக்டோபர்க்காரர்கள். “அவங்க அதையும் மீறி வந்தவங்க. எல்லாரும் மீறணும்னா அது என்ன விதி?” என்றான்.

இங்கிலாந்தில் 2015 வாக்கில் வயதுக்குப் பதிலாக உடல் முதிர்ச்சியை வைத்துச் சிறுவர்களைப் பிரித்து ஆடவிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள் என்பதைப் பிறகுதான் படித்தோம். சிக்கல் தெரியாததல்ல. மே மாதத்துக்குள் பட்டியலை முடிக்க வேண்டிய ஒருவருக்கு, ஒரு பையன் வளரும்வரை காத்திருக்க நேரமில்லை.

சிறுவர்களைப் பிரிக்கப் பெரியவர்கள் வேறு கோடுகளும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2011 ஏப்ரலில் மீடியாபார்ட் இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைகள் முந்தைய நவம்பரில் கூடி, இரட்டைக் குடியுரிமைக்கு வாய்ப்புள்ள பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாமா என்று பேசியிருந்தார்கள். பெரிய கலவரமாயிற்று. தொழில்நுட்ப இயக்குநர் இடைநீக்கம் செய்யப்பட்டார். வரம்பு நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அப்படிப் பேசியிருக்கிறார்கள் என்பது அந்தப் புறநகர்களில் எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். அக்காளுக்கும் தெரியும்.

*

அந்த ஆண்டு மேட்டூர் அணையை மே 24 அன்றே திறந்துவிட்டிருந்தார்கள். ஜூலையில் வாய்க்கால்களில் தண்ணீர் நிறைந்து ஓடியது. வயல்களில் குறுவை பச்சை கட்டியிருந்தது. கோடையில் வயலில் ஆடும் பையன்களுக்குப் பள்ளிக்கூடத் திடலைத் தவிர வேறு இடமில்லை. மாலைகளில் இவனும் அங்கே போனான். முதல் இரண்டு நாள் ஓரமாக நின்றான். மூன்றாம் நாள் காலணியைக் கழற்றிவைத்துவிட்டு இறங்கினான்.

எட்டு வயதும் பதினெட்டு வயதும் ஒரே ஆட்டத்தில் ஓடும் திடல் அது. யாருக்கும் பிரிவு கிடையாது. இவன் உயரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பந்தை ஏன் இத்தனை சீக்கிரம் விட்டுவிடுகிறாய் என்று மட்டும் கேட்டார்கள். அங்கே அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள் என்றான். பத்து நாளில் அவர்களும் சீக்கிரம் விடக் கற்றார்கள். இவன் கொஞ்சம் வைத்துக்கொள்ளக் கற்றான்.

ஒரு நாள் ஒரு பையன், அங்கே வேண்டாமென்றால் இந்தியாவுக்கு ஆடிவிடேன் என்றான். முடியாது. நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் மட்டுமே இந்தியாவுக்கு ஆடலாம் என்பது 2008 முதல் அரசின் நிலை. ஜப்பானில் பிறந்த இசுமி அராத்தா ஜப்பானியக் குடியுரிமையை விட்டுவிட்டுத்தான் 2013இல் இந்திய அணியில் ஆடினார். கொள்ளுத்தாத்தா 1962இல் எழுதிக் கொடுத்த தாளை இவன் திருப்பி எழுத வேண்டும். அதற்கு முதலில் வளர வேண்டும் என்றான் சிரித்தபடி. வந்ததிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.

அந்தத் திடலில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான், இடது காலன். அவன் தகப்பனார் தீர்த்தக்கரையில் எண்ணெயும் எள் பொட்டலமும் விற்பவர். எங்கள் பிள்ளை மற்ற எல்லோரையும்விட அவனோடுதான் அதிக நேரம் செலவிட்டான்.

இனி அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்பலாம். குளத்தங்கரையில் அம்மா பையைத் திறந்தால் நீலச் சட்டை இல்லை. முந்தைய மாலையே அதை அந்த இடது காலனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். “தோஷத்தக் கொண்டுபோயி ஊராம்புள்ள தலையில கட்டிட்டியேடா” என்றார். அவர் அப்படிக் கலங்கி நாங்கள் பார்த்ததில்லை. அவன் பயந்துபோய், “அம்மாச்சி, அது நல்ல சட்டை. அதுல ஒண்ணும் தப்பு இல்ல” என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். கடிதம் வந்த நாளில்கூட அழவில்லை என்று அக்காள் சொல்லியிருந்த பிள்ளை, அன்று குளத்தங்கரைக் கூட்டத்தில் எங்கள் முன்னால் அழுதான். பிறகு சாதாரண வேட்டியோடு மூன்று முழுக்குப் போட்டான். அதை மட்டும் கரையில் விட்டோம்.

வீடு திரும்பும் வழியில் அம்மா எண்ணெய்க் கடையில் நின்று அந்தப் பையனின் நட்சத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று முதல் சனிக்கிழமைகளில் இரண்டு பெயருக்கு அர்ச்சனை நடந்தது. இன்றும் நடக்கிறது.

*

2023 டிசம்பர் 20 அன்று எங்கள் கோயிலில் சனிப்பெயர்ச்சி நடந்தது. சனி கும்பத்துக்கே வந்தார். அம்மாவின் கணக்கில் கூடுதல் கவலை. அவனோ அந்த ஓராண்டில் ஒரு சாணுக்குமேல் வளர்ந்திருந்தான். உடல் வந்துவிட்டது, இரண்டாண்டு தாமதமாக. எந்தக் குழுவும் கூப்பிடவில்லை. 2024இல், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி அணிக்காக இறங்கி ஆடியபோது செய்தியைக் கத்தரித்து அவனுக்கு அனுப்பலாமா என்று யோசித்தோம். அனுப்பவில்லை. அவனே அனுப்பினான். “ஜனவரி 13” என்று மட்டும் கீழே எழுதியிருந்தான்.

இப்போது பதினெட்டு முடிந்து, கல்லூரியில் படிக்கிறான். ஞாயிறுகளில் சார்செலில் உள்ளூர் அணிக்கு ஆடுகிறான். புதன்கிழமை மதியங்களில் ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான். சென்ற மாதம் தொலைபேசியில் வருகைப் பதிவேட்டைக் காட்டினான். பிள்ளைகளின் பெயரை அகர வரிசைப்படி எழுதாமல் பிறந்த மாத வரிசைப்படி எழுதிவைத்திருந்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பெயர்களுக்கு எதிரே பென்சிலால் சிறு புள்ளி. எதற்கு என்றோம்.

“ஆளைப் பார்த்து முடிவு பண்றதுக்கு முன்னால இதைப் பார்க்கணும். இல்லேன்னா நானும் மறந்துடுவேன், மாமா” என்றான்.